தொடர்ச்சி பத்தாம் பக்கம்

நவமணி காணாமல் போன அன்று அவளுடைய கூடை நிறைந்திருந்தது. மேல் டிவிஷனில் இதை யாரும் மறக்கவில்லை. பதினொன்றாம் நம்பர் மலையில், காட்டை ஒட்டிய கடைசித் தேயிலை நிரையின் முடிவில், கூடை நேராக நின்றது. கொழுந்து அமுக்கி வைத்திருந்தது. அதன் மேல், இடுப்பில் கட்டும் ரப்பர் சீட்டு நாலாக மடித்து வைத்திருந்தது. மழை பெய்துகொண்டிருந்த காலை அது. மழையில் எவளும் ரப்பர் சீட்டை அவிழ்க்க மாட்டாள்.

1977 நவம்பர். கேமரன் மலையில், கோலா தெர்லா ரோட்டிலிருந்து மண் பாதையில் ஆறு மைல் உள்ளே போனால் எங்கள் எஸ்டேட். அந்த மாதத்தில் மேகம் மலைக்கு மேலே நிற்காது, இறங்கி வந்து லயத்து வீடுகளின் வாசலில் உட்காரும். காயப்போட்ட துணி நாலு நாளைக்கு அப்படியே ஈரமாகத் தொங்கும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பக்கத்து நிரையில் நிற்பவள் தெரியமாட்டாள், இருமல் மட்டும் கேட்கும். இருமலை வைத்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

"பத்து மணிக்கு அவ இருமினா. நாங் கேட்டேன்," என்றாள் மணியம்மா. நவமணிக்குப் பக்கத்து நிரை அவளுக்கு. "பெறகு நிறுவைக்கு விசில் ஊதுனாங்க. எல்லாரும் எறங்கிட்டோம். அவ வரல. நவமணி, நவமணின்னு கூப்புட்டேன். மேகத்துக்குள்ள என் கொரலே திரும்பி வந்திச்சி."

ஒன்பது நாள் தேடினார்கள். போலீஸ்காரர்கள் நாய் கொண்டு வந்தார்கள். கீழ்க் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து ஓராங் அஸ்லிப் பழங்குடி ஆட்கள் இரண்டு பேர் வந்து, கூடை நின்ற இடத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் மண்ணைப் பார்த்தார்கள். மூத்தவர் எழுந்து கையை விரித்தார். காட்டுக்குள்ளும் தடம் போகவில்லை, ரோட்டுப் பக்கமும் போகவில்லை, மழை எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று மலாயில் சொன்னார். புலி என்றால் ரத்தம் இருக்கும். விழுந்திருந்தால் சரிவில் செடி ஒடிந்திருக்கும். ஒன்றும் இல்லை. மடித்த ரப்பர் சீட்டு ஒன்றுதான் இருந்தது.

அவள் புருஷன் வேலப்பனுக்கு ஸ்டோரில் வேலை. எங்களுக்கு ஸ்டோர் என்றால் தேயிலை பாக்டரி. கொழுந்து காய வைக்கும் மெஷினுக்கு விறகு போட்டு அடுப்பு எரிப்பவன் அவன். அந்தக் குளிரில் எங்கள் எஸ்டேட்டிலேயே வியர்த்து நின்ற ஒரே மனிதன். எட்டு வயதில் புல் வெட்டப் போனவன், எழுத்து தெரியாது. அதிகம் பேசவும் மாட்டான். அந்த ஒன்பது நாளும் பாராங் கத்தியோடு போலீஸுக்கு முன்னால் காட்டுக்குள் நடந்தான். பத்தாவது நாள் திரும்பி வந்து அடுப்பைத் திறந்து விறகைப் போட்டான்.

மகள் சாரதாவுக்குப் பதினேழு வயது. மூன்றாம் பாரத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டுக் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாய் காணாமல் போன அடுத்த வாரம் பதினொன்றாம் நம்பரில் கடைசி நிரைக்குப் போக எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. சாரதா கூடையை மாட்டிக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

பெரட்டில்தான் தாங்க முடியாமல் இருந்தது. விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. ஆபீஸில் பேரை அடிக்கும் வரை கங்காணி கூப்பிட்டே ஆகவேண்டும். மூன்று மாதம் வராமல் இருந்தால்தான் அடிக்கலாம் என்று சட்டம். முருகையா கங்காணி தினமும் டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பார்த்து, "நவமணி!" என்பார். ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். பிறகு பென்சிலால் கோடு போடுவார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எல்லோரும் மேகத்துக்குள் பார்ப்போம். பிப்ரவரியில் ஒரு நாள் அவர் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விட்டார். அன்று மணியம்மா வரிசையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டில் வேறு மாதிரி. வாசல் படியோரம் சேறு வழிக்க ஓர் இரும்புத் துண்டு நட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதில் செருப்பு உரசுகிற சத்தம் கேட்கும். இரண்டு உரசல் இடது கால், ஒன்று வலது கால். நவமணி அப்படித்தான் வழிப்பாள். வேலப்பன் எழுந்து போய்க் கதவைத் திறப்பான். மேகம் உள்ளே வரும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவான். சாரதா அடுப்படியில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டே தலை நிமிராமல் இருப்பாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டதா என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பேரை அடித்த வாரத்தில்தான் ருக்குமணி வந்தாள். நவமணியின் தங்கை அவள். கோலா தெர்லாவில் புருஷனோடு கோஸும் பீன்ஸும் போட்டுப் பிழைத்தவள். கோஸ் லாரியில் ஏறி வந்து, ஆறு மைல் மண் பாதையில் பாதி தூரம் நடந்து, மூச்சிரைக்க வாசலில் நின்றாள். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பேப்பர் தாள்.

"மாமா, கடையில கருவாடு மடிச்சிக் குடுத்தான். பிரிச்சேன். அக்கா பேரு!"

தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு மலர். மூன்று வாரம் பழசு. 'ஒரு நாள் லீவு' என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, சிறுகதை. அதற்கும் கீழே, வே. நவமணி, கேமரன் மலை.

வேலப்பன் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தான். ருக்குமணி திருப்பிக் கொடுத்தாள்.

"அவ எழுதுனாளா?"

"எழுதுவா மாமா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஒனக்குக் கடுதாசி எழுதுறான்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு எதுக்குக் கடுதாசி? வாரத்துக்கு ஒரு தரம் லாரில வந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். போன வருசம் சித்திரையில எங்கிட்டக் குடுத்து தபால்ல போடச் சொன்னா. பேப்பர்ல வந்தா சொல்லலாம், வராட்டி யாருக்கும் தெரிய வேணாம்னா. நானே மறந்துட்டேன்."

"என்னா எழுதிருக்கா? படி."

ருக்குமணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சாரதாவைக் கூப்பிட்டார்கள். அவள் அடுப்படியிலிருந்து வரவில்லை. அதனால் வேலப்பன் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். அங்கே கணக்கு எழுதும் ராதாகிருஷ்ணன் கிராணி நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். அது சம்பள நாள் பகல். வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஜன்னலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"அன்று மேகம் இறங்கி வந்து மலையை மூடியது. கங்காணியின் விசில் கேட்டது, கங்காணியைக் காணவில்லை. பொன்னுத்தாய் ரப்பர் சீட்டை அவிழ்த்து நாலாக மடித்துக் கூடையின் மேல் வைத்தாள். வெகு காலத்துக்குப் பிறகு அவளுடைய முதுகு லேசாக இருந்தது."

கிராணி நிறுத்தினார்.

"படிங்கய்யா," என்றான் வேலப்பன்.

பொன்னுத்தாய் மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிறாள். கோஸ் லாரியைக் கை காட்டி நிறுத்துகிறாள். எங்கே போகணும் என்று லாரிக்காரன் கேட்கிறான். கடலுக்கு என்கிறாள். முப்பத்தாறு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததோடு சரி என்கிறாள். லாரிக்காரன் சிரித்துக் கதவைத் திறக்கிறான். பிரிஞ்சாங் போகிறது, தானா ராத்தா போகிறது, தாப்பா இறக்கத்தில் லாரி வளைந்து வளைந்து இறங்குகிறது, காது அடைக்கிறது, குளிர் விலகுகிறது. பொன்னுத்தாய் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறாள்.

"தொடர்ச்சி பத்தாம் பக்கம்," என்று படித்துவிட்டுக் கிராணி தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் சமையல் குறிப்பும் ஒரு சோப்பு விளம்பரமும் இருந்தன. "பத்தாம் பக்கம் இதுல இல்லப்பா."

ஜன்னலுக்கு வெளியே முதலில் பேசியவர் முருகையா கங்காணி. சத்தமாகக்கூடப் பேசவில்லை. "அதான் வெளங்கிருச்சே," என்றார். "சீட்ட மடிச்சி வச்சிட்டு லாரி ஏறிட்டா. நாம பைத்தியக்காரனுங்க மாதிரி காட்டுல தேடிக்கிட்டு இருந்தோம்."

அன்று சாயங்காலத்துக்குள் அது மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஸ்டோர், பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகை எல்லாம் பரவிவிட்டது. இரண்டாம் நாள் லாரிக்காரனுக்கு ஒரு பேர் வைத்தார்கள். மூன்றாம் நாள் அவளைக் கடற்கரை ஊரான லுமுட்டில் கண்டவர் ஒருவர் இருந்தார். வாரம் முடிவதற்குள் ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்தார். கிராணி கதையை மலாயில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். தாளை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். "டியா லாரி," என்றார் வேலப்பனிடம். அவள் ஓடிவிட்டாள் என்று அர்த்தம். பெரிய மனிதர் தோளில் தட்டுவது போலத் தட்டிவிட்டுப் போனார். அதோடு காட்டில் தேடுவது சட்டப்படி முடிந்தது.

வேலப்பன் அன்று சோறு சாப்பிடவில்லை. நெத்திலிச் சம்பலைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாரதா, அம்மா அத சித்திரையிலயே எழுதிட்டா. காணாமப் போனது ஐப்பசியில."

"அதனால?"

"முன்னாடியே எழுதி வச்சிட்டா போவாங்க?"

"முன்னாடியே நெனச்சிருக்காங்கல்ல." சாரதா தட்டை எடுத்துக் கழுவப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "மலையில எல்லாரும் என்னைய எப்படிப் பாக்குறாங்க தெரியுமாப்பா? நேத்து முருகையா கங்காணி, ஒங்கம்மாளுக்குக் கடல் பிடிச்சிருக்கா, தபால் வந்திச்சான்னு கேக்குறாரு. செத்துப் போயிருந்தா அழுதிருப்பேன். நானு என்னா செய்யறது?"

"பத்தாம் பக்கம் வேணும்," என்றான் வேலப்பன்.

"என்னாத்துக்கு? அதுல அட்ரசா எழுதிருக்கும்?"

அடுத்த நாளிலிருந்து அவன் தேட ஆரம்பித்தான். காட்டில் தேடியது போலவே தேடினான், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. கோலா தெர்லாவில் கருவாட்டுக் கடைச் சீனர் மிச்சமிருந்த பழைய பேப்பர் கட்டை அவிழ்த்துக் காட்டினார். திரிங்காப்பில் பூவுக்குச் சுற்றும் பேப்பர்களைப் பார்த்தான். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக்காரர்களிடம் கேட்டான். எழுத்து தெரியாதவன் ஒரு பக்கத்தை எப்படித் தேடுவான்? கதைத் தாள் இன்ஸ்பெக்டரின் உறைக்குள் போவதற்கு முன்னால் கிராணி அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு சொல் எழுதிக் கொடுத்திருந்தார். நவமணி. பொன்னுத்தாய். அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் விரலை ஓட்டினான். அப்படித்தான் அவன் முதலில் படித்த சொல் மனைவியின் பெயராக இருந்தது. ஒரு மரண அறிவிப்பில் வேறு ஒரு நவமணி வந்தாள். கிராணியிடம் எடுத்துப் போய்க் காட்டினான். அவர் படித்துவிட்டு, "இது கிள்ளான்ல ஒரு பாட்டிம்மா," என்றார்.

மார்ச்சில் இரண்டு நாள் லீவு போட்டுத் தாப்பாவுக்கு இறங்கினான். சாரதா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். "தொலைஞ்சி போயிருவீங்க," என்றாள். இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து போனபோது இருவருக்கும் காது அடைத்தது. சாரதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாப்பாவில் பேப்பர் ஏஜெண்ட் நல்லுசாமி குண்டான மனிதர், பனியனோடு உட்கார்ந்திருந்தார். விற்காத பேப்பர் எல்லாம் கிலோவுக்குப் போட்டாயிற்று என்றார். எதற்கு என்று கேட்டார். வேலப்பன் சொன்னான். நல்லுசாமி விசிறியை நிறுத்தினார்.

"அந்தக் கதையா? நான் படிச்சேனே. கடலுக்குப் போறாளே ஒரு பொம்பள?"

"முடிவு என்னாங்க?" சாரதா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு உதட்டைக் கடித்தாள்.

நல்லுசாமி யோசித்தார். "நல்லாத்தான் இருந்திச்சி. என்னமோ சாப்பாட்டுல முடியும். மறந்து போச்சேம்மா. வாராவாரம் படிக்கிறோம்." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடும்மா. அட்ரஸ் நான் தரேன். ஸ்டாம்பு வச்சி அனுப்பு."

ஊருக்கு வந்து சாரதா எழுதினாள். தாய் எழுதிய நோட்டுப் புத்தகத்திலிருந்தே ஒரு தாளைக் கிழித்தாள். அந்த நோட்டில் வேறு ஏதாவது இருக்குமா என்று அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள் போலிருக்கிறது. முன்பக்கங்கள் கிழிக்கப்பட்டு வெள்ளைத் தாள்கள்தான் மீதி. காணாமல் போனதைப் பற்றி அவள் எழுதவில்லை. 'எங்களுக்கு முதல் பாதிதான் கிடைத்தது' என்று மட்டும் எழுதினாள்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆபீஸ் பியூன் உறையை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கே ஓடி வந்தான். மேலே, 'திருமதி வே. நவமணி அவர்களுக்கு' என்று டைப் அடித்திருந்தது. வேலப்பன் அந்த ஒரு சொல்லைப் படித்தான். அடுப்புக் கதவு திறந்தே கிடந்தது. விறகு போட மறந்து, டெம்பரேச்சர் இறங்கி, ஸ்டோரை நடத்தும் டீ மேக்கர் கத்தினார். அவன் காதில் விழவில்லை.

சாயங்காலம் சாரதா உறையைப் பிரித்தாள். மடித்த பத்தாம் பக்கம். அதோடு நாலு வரிக் கடிதம்: 'அன்புள்ள சகோதரி, உங்கள் மகள் கேட்டபடி பிரதி அனுப்பியுள்ளோம். கதைக்கு நல்ல வரவேற்பு. எஸ்டேட் வாழ்க்கையை இப்படி எழுத உங்களைப் போன்றவர்கள் வேண்டும். அடுத்த கதையை எதிர்பார்க்கிறோம்.'

சாரதா கடிதத்தை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். பிறகு பத்தாம் பக்கத்தை விரித்தாள். முதல் பாதியைப் படிக்க வராதவள், இரண்டாவது பாதியை நின்றுகொண்டே படித்தாள். பாதியில் உட்கார்ந்தாள்.

"ப்பா," என்றாள் முடித்துவிட்டு. "இத எல்லாருக்கும் படிக்கணும்."

மறுநாள் விடிகாலை வேலப்பன் ஸ்டோருக்குப் போகாமல் பெரட்டுக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடையோடும் ரப்பர் சீட்டோடும் வரிசையில் நின்றார்கள். அவன் போய் முருகையா கங்காணி முன்னால் நின்றான்.

"கங்காணி, பேர் கூப்புடுறதுக்கு முந்தி பத்து நிமிசம் குடுங்க."

"என்னாத்துக்கு லா? தொரை வந்துருவாரு."

"பாதிக் கதையத் தொரை ஆபீசு ஜன்னல்ல நின்னு கேட்டீங்கல்ல. மீதியையும் கேட்டுட்டுப் போங்க."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கங்காணி டார்ச்சைத் தாழ்த்தினார். மணியம்மா அவர் கையிலிருந்து அதை வாங்கி, சாரதாவின் தோளுக்கு மேலாகத் தாளில் வெளிச்சம் அடித்தாள். தாள் நனையாமல் இருக்க வேலப்பன் மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கைப் பிரித்துப் பிடித்தான். சாரதா படித்தாள்.

"கடல் அவள் நினைத்ததைப் போல நீலமாக இல்லை. தேத்தண்ணியில் பால் ஊற்றிய நிறத்தில் இருந்தது. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் மலை இல்லை. பொன்னுத்தாய்க்கு முதலில் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை நின்று அவளைப் பார்த்தது. இங்கே அவளைப் பார்க்க ஒன்றும் இல்லை. கடலுக்கு அவள் வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் மணலில் உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றைத் தின்றாள்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சாரதா தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

"மகளிடம் இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். சொன்னால் கடல் சிறிதாகிப் போகும். அவளே ஒரு நாள் வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவளும் தன்னிடம் சொல்லாமல் இருக்கட்டும்."

இங்கே அவளால் படிக்க முடியவில்லை. மழைத் தண்ணீரைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலப்பன் சாக்கைப் பிடித்தபடி நின்றான். அவள் தொடர்ந்தாள்.

பொன்னுத்தாய் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டுகிறாள். அதே லாரி காலியாகத் திரும்பி மலையேறுகிறது. நிறுவை விசில் ஊதும்போது அவள் கூடையருகில் நிற்கிறாள். ரப்பர் சீட்டைக் கட்டிக்கொள்கிறாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ரசம் வைக்கிறாள். புருஷன் ஸ்டோரிலிருந்து வந்து உட்காருகிறான்.

"ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இன்னிக்கு உப்பு கூடிப் போச்சு என்றான் அவன். பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆமாங்க, கூடிப் போச்சு என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று தட்டை நீட்டினான்."

சாரதா தாளை மடித்தாள். "முடிஞ்சிச்சி," என்றாள்.

தூறல் கூடைகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மணியம்மா ஒரு மாதிரி சிரித்தாள், அழுகிற சிரிப்பு. "வந்துட்டாளே! திரும்பி வந்துட்டாளே பாவி!"

"ஒரே நாள்ல லுமுட் போய்ட்டு நிறுவைக்குள்ள திரும்ப முடியுமா?" என்றார் முருகையா கங்காணி. குரலில் பழைய தெம்பு இல்லை. "கோஸ் லாரி தாப்பா போய்ச் சேரவே மத்தியானம் ஆயிருமே."

"கதையில முடியுது கங்காணி," என்றான் வேலப்பன்.

"கதைதானே."

"கதைதான். அத வச்சித்தானே ஓடிட்டான்னு சொன்னீங்க?"

கங்காணி மணியம்மாவிடமிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். வெகுநேரம் முதல் பேரைக் கூப்பிடாமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் கடைசியாக நின்ற ஜெயா, அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்போ அவங்க எங்கண்ணே?"

"தெரியல," என்றான் வேலப்பன். "காட்டுலயா, மண்ணுக்குள்ளயா, வேற எங்கயாவதா, தெரியல. அவ நெனச்சது இதுன்னு மட்டும் தெரியுது."

பத்தாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவன் போலீஸ் ஸ்டேசனுக்கும் போனான். கிராணி கூட வந்து மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "செரிதா சாஜா," என்றார். வெறும் கதைதானே. வெறும் கதை முதல் பாதியில் சாட்சியாக இருந்தது எப்படி என்று கிராணி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பைல் திறந்திருக்காது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் இரும்பில் சத்தம் கேட்டது. இரண்டு உரசல், ஒரு உரசல். வேலப்பன் எழுந்தான்.

"ஒங்களுக்கும் கேக்குதாப்பா?" என்றாள் சாரதா.

அவன் அவளைப் பார்த்தான். "ஒனக்கு எப்பருந்து?"

"மொதல் நாள்லருந்து. நான் மட்டுந்தான் பைத்தியம்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் போய்க் கதவைத் திறந்து, திறந்த கதவில் கொஞ்ச நேரம் நின்றார்கள். கோஸ் தோட்டங்களின் பக்கமிருந்து உரம் நாறிக்கொண்டு காற்று வந்தது. குளிர் தாங்காமல் உள்ளே வந்து, முதல் தடவையாக, அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவள் கோபத்தில் பாத்திரத்தை எப்படி வைப்பாள், மழை வரும் முன் எப்படித் தும்முவாள், பேப்பர் படிக்கும்போது உதடு எப்படி அசையும் என்றெல்லாம். சத்தம் அதற்குப் பிறகும் வந்தது. சில நாள் வரும், சில நாள் வராது. நின்றுவிட்டது என்று அவர்கள் சொன்னதில்லை.

சாரதாதான் அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். பாடப் புத்தகம் எதுவும் இல்லை, அந்தப் பத்தாம் பக்கம்தான். 'கடல்' என்ற சொல்லை முதலில் பிடித்தான். 'தேத்தண்ணி' சுலபமாக வந்தது. ஒரு வரிக்கு ஒரு வாரம். மெஷின் ஓடும் சத்தத்தில் அடுப்பு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து, உதடு அசையப் படிப்பான். 'கடலுக்கு அவள் வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது' என்ற இடத்துக்கு வந்த அன்று அங்கேயே நின்றுவிட்டான். அடுத்த வரிக்குப் போக ஒரு மாதமாயிற்று. எனக்கு அதுதான் ஆச்சரியம், அவன் அதற்கு அடுத்த வரிக்குப் போனது. 'அது அவளுக்குப் பிடித்திருந்தது.' ஒரு நாள் ஸ்டோருக்குக் கொழுந்து மூட்டை இறக்கப் போன என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினான். "பாருங்க, பயந்து ஓடல. ஒக்காந்து சோறு தின்னுருக்கா."

பிறகு ஞாயிறு மலர் வாங்க ஆரம்பித்தான். யார் யாரோ எழுதிய கதைகள். கிள்ளானில் ஒருவன், சுங்கை சிப்புட்டில் ஒருத்தி. எல்லாவற்றையும் படித்தான். சிலது பிடிக்காது, "இவன் பொய் சொல்றான் லா," என்று மடித்துவிடுவான். சிலதைப் படித்துவிட்டு விறகை எடுக்காமல் நிற்பான். லீவு நாளில் பாராங்கை எடுத்துக்கொண்டு பதினொன்றாம் நம்பருக்கு மேலே காட்டுக்குள் போவதை அவன் நிறுத்தவில்லை. திரும்பி வந்து கால் கழுவிவிட்டுப் படிக்க உட்காருவான். காட்டிலும் தாளிலும் ஒரே ஆளைத்தான் தேடுகிறான் என்று மணியம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. காட்டிலிருந்து வரும்போது அவன் முகம் வேறு, படித்து முடிக்கும்போது வேறு.

1981இல் சாரதா திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த நாகப்பனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் எங்கேயோ மூன்று நாள் போய் வந்தார்கள். எங்கே என்று வேலப்பன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாக எழுதிக்கொள்ளலாம் என்பது சட்டம். அப்படி எழுதினால்தான் மற்ற காகிதங்கள் நகரும் என்று கிராணி சொல்லிச் சொல்லி, கோர்ட்டுக்கு மனுப் போட்டு, 1985இல் உத்தரவு வந்தது. வேலப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு ஆபீஸுக்குப் போனான். நானும் கூடப் போனேன். கவுண்டரில் இளவயது மலாய்ப் பெண், தலையில் துடோங் கட்டி, டைப்ரைட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். உத்தரவைப் படித்துவிட்டு மரியாதையாக நிமிர்ந்து பார்த்தாள்.

பேர். வேலப்பன் சொன்னான். வயது. சொன்னான். இறந்த தேதி. காணாமல் போன தேதியையே போடலாம் என்று அவளே சொன்னாள். இறந்த இடம். அவன் சும்மா இருந்தான். அவள் ஒரு கோடு அடித்தாள். காரணம். அதற்கும் ஒரு கோடு.

"கெர்ஜா?" என்றாள். என்ன வேலை என்கிறாள். பதிலுக்குக் காத்திராமல் அவள் விரல்கள் 'எஸ்டேட் கூலி' என்று அடிக்கப் போயின. எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதைத்தானே அடிப்பார்கள்.

"பெனுலிஸ்," என்றான் வேலப்பன்.

விரல்கள் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள், தப்பாகச் சொல்கிறானோ என்று. அவன் மேசை மேல் கையை வைத்து, எழுதுவது போல விரலை நகர்த்திக் காட்டினான். "பெனுலிஸ். எழுதுறவங்க."

"எத்தனை புத்தகம்?" என்று மலாயில் கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"புக்கு இல்ல. செரிதா. சத்து." ஒரே ஒரு கதை என்கிறான்.

"சத்து சாஜா?"

"சத்து," என்றான்.

அந்தப் பெண் ஒரு கணம் தாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.